எட்டாவது பத்தொன்பது

மடங்குகிறது. திரும்பவும் மடங்குகிறது இந்த இடது முழங்கை. நான் மடக்கவில்லை, அதுவாக மடங்குகிறது, தலையை வலது பக்கம் திருப்பினால் போதும், உள்ளேயிருந்து யாரோ இழுத்துவிட்ட மாதிரி இடது கை தொய்ந்துபோகிறது, தோள் சரிகிறது, தாடை நீல ரெக்ஸின் விரிப்பில் இடிக்கப் பார்க்கிறது. கையை நேரா வெச்சுக்கோம்மா என்கிறார் ஃபெலிசியா மிஸ். வைத்துக்கொள்ள முடிந்தால் நான் எதற்கு இங்கே வருகிறேன். பதினெட்டு ஆவதற்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிற ஒருத்தி, தடாகம் ரோட்டில் யாருடையதோ பழைய வீட்டு ஹாலில், இரண்டு கையும் இரண்டு முழங்காலும் ஊன்றி மாடு மாதிரி நிற்கிறேன். சுவரில் வாத்து ஒட்டியிருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி ஒட்டியிருக்கிறது, ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு கால் உரிந்துபோயிருக்கிறது. கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. பதினொன்றே முக்காலுக்கு விடுவார்கள். வாசல் திரைச்சீலை தரையைத் தொடாமல் ஒரு சாண் தூக்கி நிற்கிறது, அந்தச் சந்தில் அம்மாவின் கால் தெரிகிறது, மெட்டி தெரிகிறது, பித்தவெடிப்பு தெரிகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு சனிக்கிழமை, அதுதான் பேச்சு. பன்னிரண்டு சனிக்கிழமை வாய் திறக்காமல் இங்கே வந்துவிட்டால் நான் திருப்பூர் போகலாம், அங்கே பனியன் கம்பெனியில் என்கூடப் படித்த ரெஜினா இருக்கிறாள், ஹாஸ்டலோடு வேலை, தையல் பிரிந்திருக்கிறதா ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் துணியைத் தள்ளிவிடுகிற வேலை, நின்றுகொண்டே செய்யலாம், யாரும் உன் மூளை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். இது ஆறாவது சனிக்கிழமை. இன்னும் ஆறு வரத் தேவையில்லை. என் வாயில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைச் சொன்னால் இன்றைக்கே, இந்த நிமிஷமே எல்லாம் முடிந்துபோகும். சொல்லட்டுமா. இந்தா, மடங்குகிறது பார்.

மிஸ் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். பிசியோதெரபி படித்தவர், அப்புறம் பெங்களூரில் ஏதோ பயிற்சி எடுத்துவிட்டு வந்து இதைத் தொடங்கியிருக்கிறார். தத்து எடுத்த பிள்ளைகள்தான் இங்கே பாதிப் பேர். முதல் நாள் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து ஒரு மணிநேரம் விளக்கினார். பிறந்த குழந்தை தரையில் புரண்டு, வயிற்றால் இழுத்து, முழங்கால் போட்டு நகர்ந்துதான் தன் மூளைக்குள் பாதை போட்டுக்கொள்கிறதாம். தொட்டிலிலேயே கிடந்த பிள்ளைக்கு, தூக்க ஆளில்லாத பிள்ளைக்கு, அழுதும் யாரும் வராத பிள்ளைக்கு அந்தப் பாதை விழாதாம். பாதை இல்லாத இடத்தில் பயம் உட்கார்ந்துகொள்ளுமாம். அதனால் பெரிதான பிறகும் அதையெல்லாம் வரிசையாக மறுபடி செய்யவைத்தால் விட்டுப்போனது கூடி வருமாம். அப்பா முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அப்பா மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டுகிறவர். மிஸ் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காயிலுக்குள்ள ரெண்டு சுத்து விட்டுப்போச்சுன்னா என்ன செய்வீங்க சார் என்றார். பிரிச்சு மொதல்ல இருந்து சுத்தணுங்க என்றார் அப்பா. அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது, சரியென்றுவிட்டார். என்னைப் பிரித்துச் சுற்றுவதற்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. எத்தனை வயசுல எடுத்தீங்க என்று மிஸ் கேட்டதற்குச் சின்னதுலயேங்க என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். சின்னது. மூன்றே முக்கால் வயது சின்னதுதான், யானைக்குட்டியோடு வைத்துப் பார்த்தால். மிஸ் எழுதிக்கொண்டார். இப்போது தலையை இடது பக்கம் திருப்பச் சொல்கிறார். இடது பக்கம் திருப்பினால் வலது கை மடங்கும், அதையும்தான் பாருங்களேன். ப்ளஸ் ஒன்னில் போர்டைப் பார்த்து நோட்டில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் இதுதானாம், தலை ஒரு பக்கம் போனால் கை இன்னொரு பக்கம் போகிறதாம். ஏழு வருஷம் சோம்பேறி என்றும் திமிர் என்றும் எழுதினார்களே ரிப்போர்ட் கார்டில், அதை யார் அழிப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கை காரணமில்லை. கெமிஸ்ட்ரி மேடம் பின்னாலிருந்து வந்து தூங்கறியா என்று என் பின்மண்டையில் தட்டினார். தட்டினது ஞாபகம் இருக்கிறது, அடுத்து மேடம் தரையில் கிடந்தது ஞாபகம் இருக்கிறது, கண்ணாடி உடைந்து கிடந்தது. நடுவில் ஒன்றுமில்லை. நடுவில் நான் இல்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் நடிக்கிறாள் என்பார்கள், அதனால் ஆமாம் தள்ளினேன், இப்ப என்ன என்றேன். டிசி கொடுத்தார்கள்.

அன்றைக்கு அம்மா ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் நின்றுகொண்டு சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டிசி பரவாயில்லை. சின்னதுல இருந்தே இவ இப்படித்தானுங்க, வயித்துக்குள்ள இருக்கறப்பவே அந்த ஒதை ஒதைப்பா என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் தலையாட்டிக்கொண்டார். நான் அம்மாவையே பார்த்தேன், கண் சிமிட்டாமல் சொன்னாள், வயிற்றில் கையைக்கூட வைத்துக்காட்டினாள். யார் வயிறு, யார் உதைத்தது. தர்மபுரிப் பக்கம் ஒரு ஹோமிலிருந்து அரசாங்கத் தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை நான், என் பிறந்த தேதியே டாக்டர் பல்லைப் பார்த்துப் போட்ட தேதி, ஆறாம் வகுப்பில் பீரோவைக் குடைந்தபோது அந்தத் தாள் கைக்குக் கிடைத்துப் படித்துவிட்டேன், படித்தேன் என்று அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் ஊர் முழுக்க வயிறு வயிறு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். குடி வந்த புதுத் தெருவில் எதிர்வீட்டு அக்காவிடம் ஆபரேஷன் பண்ணித்தான் என்னை எடுத்தார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். கோமதி பெரியம்மா, அம்மாவின் சொந்த அக்கா, அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் முன்னாலேயே சொல்வாள், பெரியம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு சேலைத் தலைப்பைச் சரி செய்வாள். அந்தத் தாளில் வயது இருந்தது, எப்போது இங்கே வந்தேன் என்கிற தேதி இல்லை. வயிற்றிலிருந்து வந்தவளுக்கு வந்த தேதி எதற்கு.

அப்படிப்பட்டவள் ஃபார்மை மட்டும் ஒழுங்காக எழுதிவிடுவாளா. போன சனிக்கிழமை மிஸ்ஸுக்குப் போன் வந்து வெளியே போனார், ஃபைல் ஸ்டூலில் திறந்து கிடந்தது. அம்மாவின் உருண்டைக் கையெழுத்து, பால்பாயிண்டை அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறாள், அடுத்த பக்கத்தில் தடவினால் தட்டுப்படும். குழந்தை குப்புற விழுந்தது: இரண்டாம் மாதம். உட்கார்ந்தது: ஐந்தாம் மாதம். தவழ்ந்தது: எட்டாம் மாதம். முதல் சொல்: பதினான்காம் மாதம். தத்து எடுத்தபோது வயது என்கிற கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறாள். நடந்தது என்கிற கட்டத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. சலித்துப்போயிருக்கும், பொய் எழுதினாலும் கை வலிக்கும்தானே. எட்டாம் மாதம் எங்கிருந்து வந்தது என்றுகூட எனக்குத் தெரியும். பெரியம்மா பிள்ளை பிரணவ் எட்டு மாதத்தில் தவழ்ந்தான், அதைப் பெரியம்மா வருஷத்துக்கு நான்கு தடவையாவது சொல்வாள், எட்டே மாசம், ஹால்ல இருந்து வாசல் வரைக்கும் வண்டியாட்டம் போவான். அம்மா பிரணவைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறாள். இன்னொருத்தன் தவழ்ந்ததை எடுத்து என் ஃபார்மில் ஒட்டியிருக்கிறாள். அதை நம்பி மிஸ், இவள்தான் தவழ்ந்திருக்கிறாளே, வயிற்றால் இழுக்கிற முதல் பாடமெல்லாம் வேண்டாம் என்று நேராக முழங்கால் பாடத்தில் நிறுத்திவிட்டார். அதனால்தான் ஆறு வாரமாக மடங்குகிறது. அம்மாவின் பொய்யை என் முழங்கை சுமக்கிறது. இதுதான் என் வாக்கியம்: மிஸ், ஃபார்மில் இருப்பது பொய், எட்டு மாதத்தில் நான் எங்கே கிடந்தேன் என்றே இவளுக்குத் தெரியாது. சொன்னால் மிஸ் ஃபைலை மூடுவார், பேச்சு உடையும், பதினெட்டு ஆனவளை யாரும் நிறுத்த முடியாது, இருபத்து நான்காம் நாள் காலையில் நான் திருப்பூர் பஸ்ஸில் இருப்பேன். ஒரு வாரமாக இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். பஸ் ஸ்டாப்பில் சொல்லிப் பார்த்தேன், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

இப்போது ஆட்டம். அதே மாதிரி நின்றுகொண்டு முன்னால் போய்ப் பின்னால் வரவேண்டும், குதிங்காலில் உட்காரப் போகிற மாதிரி போய், உட்காராமல் திரும்பவேண்டும், மெதுவாக, முப்பது தடவை. ஒன்று. இரண்டு. மூன்று. முன்னால் போகும்போது அம்மாவின் கால் கிட்டத்தில் வருகிறது, பின்னால் வரும்போது தள்ளிப்போகிறது. இந்தக் கால்களை இவ்வளவு கீழேயிருந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று. வந்த புதிதில் நான் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தேன், அதுதான் என் முதல் ஞாபகம், அதற்கு முன்னால் எவ்வளவு துழாவினாலும் ஒன்றும் வருவதில்லை, ஒரு மஞ்சள் பல்பு வருகிறது, நேர் மேலே, அது நகர்வதே இல்லை, அவ்வளவுதான். மல்லாந்தே கிடந்திருக்க வேண்டும், அதனால்தான் பின்மண்டை தோசைக்கல் மாதிரி இருக்கிறது, புரட்டிப் போட ஒரு ஆள் இருந்திருந்தால் உருண்டையாகியிருக்கும். அம்மா தினமும் உச்சி முடியைத் தூக்கிச் சீவி கிளிப் போட்டு அதை மறைப்பாள். அதுவும் பொய்தான், முடியில் சொல்கிற பொய். ஏழு. எட்டு. கட்டிலுக்கு அடியில் சிமெண்ட் தரை சில்லென்று இருக்கும், வெங்காய மூட்டை இருக்கும், அங்கிருந்து பார்த்தால் வீட்டில் கால்கள் மட்டும்தான் நடமாடும். அப்பா கால் வந்தால் உள்ளே ஒதுங்குவேன். இந்தக் கால் வந்து கட்டில் பக்கத்தில் நிற்கும், குனியாது, கூப்பிடாது, ஒரு தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடும். தட்டில் இருப்பதில் பாதியைத் தின்பேன், பாதியை வெங்காய மூட்டைக்குப் பின்னால் செருகுவேன், நாளைக்கு வருமோ வராதோ. சில நாள் ஒரு விசேஷமும் இருக்காது, திடீரென்று கொழுக்கட்டை இருக்கும். பிள்ளையார் சதுர்த்தி இல்லை, ஒன்றுமில்லை, கொழுக்கட்டை. எல்லாவற்றையும் செருகிவைத்தேன், எறும்பு பிடித்துக் கட்டில் கால் வழியாக மேலே ஏறி ராத்திரி அப்பாவைக் கடித்துவைத்தது. அப்பா கத்தினார். அம்மா கத்தவில்லை, விளக்குமாறு எடுத்துப் பெருக்கினாள், மறுநாள் மூடி போட்ட டப்பா ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பதினாறு. பதினேழு. கொழுக்கட்டை எதற்குப் பிடிப்பார்கள் என்று பெரியம்மாவுக்குப் பேத்தி பிறந்த பின்னால்தான் தெரிந்தது. பிரணவின் குழந்தை குப்புற விழுந்த அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் ஊரைக் கூப்பிட்டுக் கொழுக்கட்டை பிடித்தார்கள், வாசற்படி தாண்டினபோது பணியாரம் சுட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றாம், எங்கள் பக்கத்து வழக்கமாம். நான் மூலையில் உட்கார்ந்து ஆறு தின்றேன். எனக்கு யார் சுட்டார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்டால் அம்மா, ஏன் சுடாம, உனக்குத்தான் ஊருக்கே குடுத்தோம் என்பாள். தெரியும். இருபத்து மூன்று.

முன்னால் போகும்போது முகம் தரைக்குக் கிட்டே வருகிறது, ரெக்ஸின் நாற்றம், யாரோ ஒரு குழந்தையின் பவுடர் நாற்றம், அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ திறக்கிறது. பயம் என்று சொல்ல மாட்டேன். சரி, பயம்தான். பள்ளிக்கூடத்தில் நான் இல்லாமல் போன அந்த நடு இடம் இருக்கிறதே, அது இங்கே தரையில் இருக்கிற மாதிரி, ஒரு கை சறுக்கினால் உள்ளே போய்விடுகிற மாதிரி. இருபத்து நான்காகவே இருக்கிறது, எண்ண மறந்துவிட்டேன். வாக்கியத்தைச் சொன்னால் அம்மா முகம் என்ன ஆகும். ஆகட்டும். அழுவாளா. அழமாட்டாள், அவள் கெட்டி. ஒருவேளை, இத்தனை வருஷமாக வயிறு வயிறு என்று பிடித்துக்கொண்டிருந்ததைக் கடைசியில் விட்டுவிட்டு, ஆமாங்க மிஸ், இவ என் பிள்ளை இல்லைங்க என்று சொல்லிவிட்டால். எனக்கு வேண்டியதே அதுதான், உண்மை. உண்மையைத்தானே கேட்கிறேன். அப்புறம் ஏன் இந்த இடத்தில் வந்து வந்து நிற்கிறேன், சட்டை ஆணியில் மாட்டின மாதிரி. பொய்யை உருவி எடுத்துவிட்டால் அதற்குக் கீழே அவளிடம் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லாமல் இருந்தால். அது அவள் பாடு. நான் திருப்பூரில் இருப்பேன். துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்ப்பேன். முப்பது என்கிறார் மிஸ், நான் இருபத்து ஆறு என்று நினைத்தேன்.

மிஸ் என் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்கிறார். முழங்கையைத் தொடவில்லை, தொடட்டுமா என்று கேட்டுவிட்டுத் தொடுகிறார், அதுவும் எரிச்சல். எட்டு மாசத்துல தவழ்ந்த குழந்தைக்கு இது இப்படி மடங்கக் கூடாதே நித்திலா என்கிறார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. ஃபைலை எடுத்துப் புரட்டுகிறார். வயிற்றால் இழுக்கிற பாடத்தைப் பற்றி முதல் நாள் சொன்னது ஞாபகம் வருகிறது, குழந்தை முதன்முதலில் முன்னால் போகாதாம், கைதான் முதலில் பலம் பிடிக்குமாம், தரையைத் தள்ளித் தள்ளிப் பின்னால்தான் போகுமாம், எதைப் பிடிக்கப் போகிறதோ அதைவிட்டு விலகி விலகிப் போகிறோமே என்று அழுமாம். உருப்பட்டாற்போலத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். அம்மா கொஞ்சம் உள்ள வாங்க என்கிறார் மிஸ். கால் எழுந்திருக்கிறது. திரைச்சீலை விலகுகிறது. காலுக்கு மேலே அம்மா முழுசாக வந்துவிட்டாள், கைப்பையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் நின்ற அதே மாதிரி. நான் எழுந்து முழங்காலில் நிற்கிறேன். எட்டு மாசம்னு எழுதியிருக்கீங்களேம்மா, நல்லா ஞாபகம் இருக்கா என்று கேட்கிறார் மிஸ், அதட்டாமல்தான் கேட்கிறார். அம்மா யோசிக்கக்கூட இல்லை. இருக்குதுங்க மிஸ், என்றாள். அந்த வேகத்தில்தான் என் வாக்கியம் வெளியே வந்தது, ஒரு வாரம் சொல்லிப் பார்த்த மாதிரி வரவில்லை, துண்டு துண்டாக வந்தது.

"பொய். அது பிரணவ். என்னைய இவங்க எடுக்கறப்ப எனக்கு மூணே முக்கா வயசு மிஸ். எட்டாம் மாசம் நான் எங்க கெடந்தேன்னு இவங்களுக்குத் தெரியவே தெரியாது."

இவங்க என்று சொன்னேன். அம்மா என்று சொல்லவில்லை. அது குறி பார்த்துச் சொன்னதுதான். மிஸ் பேனாவை மூடினார், திறந்தார். மூணே முக்காலா, என்றார், நானே கேட்டிருக்கணும், சின்னதுன்னு சொன்னதும் கைக்குழந்தைன்னே எடுத்துக்கிட்டேன் என்றார். அம்மா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. விரிப்பில் என் கை வியர்வையில் இரண்டு அச்சு விழுந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தத்து என்று மிஸ்ஸுக்குத் தெரிந்திருந்தும் வயிறு என்று ஆரம்பிப்பாள், ஆபரேஷன் என்பாள் என்று காத்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பிரணவ் எல்லாம் இல்லீங்க மிஸ். இவ வந்தது பத்தொன்பதாந் தேதி. எட்டாவது பத்தொன்பது அன்னைக்குத்தான் தவழ்ந்தா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் சமையலறைச் சுவர் ஞாபகம் வந்தது. மாவு மில்காரன் கொடுத்த காலண்டர், ஒவ்வொரு மாதமும் பத்தொன்பதாம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு எண், பதினைந்து, பதினாறு, அடுத்த மாதம் பதினேழு. கேஸ் சிலிண்டர் கணக்கு என்று நினைத்திருந்தேன். சிலிண்டர் எப்படி மாதாமாதம் ஒரே தேதியில் வரும் என்று யோசிக்கிற வயதில்லை, யோசிக்கிற வயது வந்தபோது காலண்டரில் வட்டம் நின்றுவிட்டது. அம்மா சொல்லிக்கொண்டே போனாள், இவ்வளவு நீளமாக அவள் உண்மை பேசி நான் கேட்டதில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது. வந்த புதிதில் மல்லாந்துதான் தூங்குவேனாம், கண்ணைப் பாதி திறந்துகொண்டு, இரண்டாவது மாதம் ஒருநாள் குப்புறப் படுத்துத் தூங்கினேனாம். அன்றைக்குக் கொழுக்கட்டை பிடித்தாளாம். ஐந்தாவது மாதம் மடியில் வந்து உட்கார்ந்தேனாம், ஐந்து நிமிஷம்கூட இருக்காது என்றாள். எட்டாவது மாதம் பங்குனி வெயில், கரண்ட் போய்விட்டது, கிரைண்டர் பாதியில் நின்று வீடே சத்தமில்லாமல் போனதாம், அப்போது நான் கட்டிலுக்கு அடியிலிருந்து முழங்கால் போட்டுத் தவழ்ந்து வந்து அவள் சேலையைப் பிடித்தேனாம். "நாலு வயசு தாண்டின புள்ள. எந்திரிச்சு நடந்து வரத் தெரியாதா அவளுக்கு. தவழ்ந்து வந்தா. நான் அசையவே இல்லீங்க, அசைஞ்சா திரும்பப் போயிருவான்னு." அப்புறம் பணியாரம் சுட்டதாகச் சொன்னாள். யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். நடந்தது மட்டும் எழுதவில்லையாம், வீட்டுக்கு வரும்போதே நடந்துதான் வந்தேனாம், அதை எப்படி எழுதுவது என்றாள். மிஸ் மெல்ல, முதல் சொல் பதினாலுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன சொல்லும்மா என்றார். அம்மா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து வாய் ஓரத்தில் நின்றது.

"'போ'ன்னு சொன்னா. என்னையத்தான்."

நான் இளகிவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம்தான் வந்தது, முன்னால் இருந்ததைவிடப் பெரிய கோபம், எந்தப் பக்கம் எறிவது என்று தெரியாத கோபம். யார் இவளை அன்றையிலிருந்து எண்ணச் சொன்னது. பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் நான் பிறக்கவில்லையா, அந்த மஞ்சள் பல்புக்குக் கீழே மல்லாந்து கிடந்தது யார், அவளுக்குப் பசிக்கவில்லையா, அவளுக்கு ஒன்று இரண்டு மூன்று போட்டு வட்டம் போட்டது யார். "அதுக்கு முன்னாடி? அந்த மூணே முக்கா வருசத்துக்கு என்ன எழுதுவே?" என்றேன். ஆபரேஷனிலிருந்து வயிற்று உதை வரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவள், ஊரில் எவள் கேட்டாலும் நிறுத்தாமல் சொல்கிறவள், கைப்பை ஜிப்பை இழுத்தாள், திருப்பி இழுத்தாள்.

"தெரியாது கண்ணு" என்றாள்.

மிஸ் ஃபார்மைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார், அதே வார்த்தையைத்தான் எழுதியிருப்பார், ஒற்றை வார்த்தைதான், பேனா உடனே நின்றுவிட்டது. கடிகாரத்தில் பதினொன்று முப்பத்து மூன்று. தப்பு எம்மேலதான், பேச்சு உடைஞ்சுபோச்சு, திருப்பூர் போகணும்னா போ கண்ணு, அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன் என்று அம்மா சொன்னாள், சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அரிசி வாங்கிவரச் சொல்கிற குரல். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாசலில் என் செருப்பு இருக்கிறது, போட்டுக்கொண்டு போகலாம். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு என்றார் மிஸ், வேணும்னா வயித்துல படு, மொதல்ல இருந்து பார்க்கலாம், வேண்டாம்னா வேண்டாம். நான் ஏன் படுத்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது, அந்த முழங்கை என்னதான் செய்யும் என்று பார்க்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மாவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன், வாத்து ஒட்டின சுவரைப் பார்த்து, அவள் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போவதற்காக. கன்னத்தில் ரெக்ஸின் ஒட்டியது. வயிற்றுக்குள் அது திறந்தது, அந்த நடு இடம், திறந்துகொண்டே போனது, நான் மூச்சை விட்டேன், கையை ஊன்றித் தரையைத் தள்ளினேன். வாத்து கிட்டே வரவில்லை. வாத்து தள்ளிப்போனது. இன்னும் பலமாகத் தள்ளினேன், இன்னும் தள்ளிப்போனது, சட்டை வயிற்றுக்கு மேலே சுருண்டுகொண்டு ஏறியது, முன்னால் போகத்தான் தள்ளினேன், என்னை யாரோ காலைப் பிடித்து இழுக்கிற மாதிரிப் பின்னாலேயே போனேன், என் பாதம் எதிலோ போய் முட்டியது. சில்லென்று ஒரு மெட்டி. சொரசொரவென்று ஒரு விரல்.

போ, என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

அந்தக் கால் நகரவில்லை.